ஒரு பந்துகூட வரலை... ஆனாலும் உலகம் மறக்கலை! யார் இந்த ‘மூன்லைட்’ கிரஹாம்?

பேட்டிங்: பூஜ்யம். ரன்: பூஜ்யம். பிடித்த கேட்ச்: பூஜ்யம். ஆடிய மேட்ச்: ஒன்று.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்ற வீரரின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். ஒருநாள் இரண்டு இன்னிங்ஸ் ஃபீல்டிங் நின்றார். ஒரு பந்துகூட அவரைத் தேடி வரவில்லை. பேட் செய்ய அடுத்த ஆளாகக் காத்திருந்தபோது டீமின் ஆட்டம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்த லீக்கில் அவர் ஆடவே இல்லை.

இப்படிப்பட்ட ஒருவரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால், பேஸ்பால் ரசிகர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஆயிரம் மேட்ச் ஆடிய பலரைவிட இவரை நன்றாகத் தெரியும். காரணம், அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து வந்த ஒரு ஹாலிவுட் படம்.

அந்தப் படம் சொன்ன கதை அழகானது. நிஜக் கதை அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. கிரியர், கனவு, பிளான் பி என்று யோசித்துக்கொண்டிருக்கிற யாருக்கும் உபயோகமானதும்கூட. விரிவாகப் பார்க்கலாம்.

மைனர் லீக் என்றால் என்ன?

கிரஹாமைப் புரிந்துகொள்ள இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், அவருடைய பேஸ்பால் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் தவிர, மற்ற ஆட்டங்கள் எல்லாம் மைனர் லீக்கில்தான் நடந்தன.

1905-ல் மேஜர் லீக் என்றால் மொத்தமே 16 டீம்கள். நேஷனல் லீக்கில் எட்டு, அமெரிக்கன் லீக்கில் எட்டு. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மாதிரி பெரிய நகரங்களின் டீம்கள் இவை. இதற்குக் கீழே நாடு முழுக்க ஏராளமான சின்ன லீக்குகள் இருந்தன. மில் ஊர்கள், சுரங்க ஊர்கள், ரயில்வே ஜங்ஷன் ஊர்கள் என ஒவ்வொன்றுக்கும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு டீம். ஏ, பி, சி, டி என்று அவற்றுக்குத் தரவரிசையும் உண்டு. 1901-ல் இந்த லீக்குகள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென ஒரு தேசிய சங்கத்தையும் தொடங்கியிருந்தன.

நம்மூர் கிரிக்கெட் கணக்கில் சொன்னால், இந்திய அணிக்குக் கீழே ரஞ்சி, அதற்குக் கீழே டிவிஷன் மேட்ச் என்று இருப்பதுபோல. ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இன்றைக்கு அமெரிக்காவில் மைனர் லீக் டீம்கள் மேஜர் லீக் கிளப்களின் பயிற்சிப் பட்டறைகளாக இயங்குகின்றன. அந்த ஏற்பாடு 1920-களுக்குப் பிறகுதான் வளர்ந்தது. கிரஹாம் ஆடிய காலத்தில் மைனர் லீக் டீம்கள் பெரும்பாலும் தனிக்கடை. டிக்கெட் விற்றும், நல்ல வீரர்களைப் பெரிய டீம்களுக்கு விற்றும்தான் அவை பிழைத்தன. வீரருக்கு அதில் பெரிதாகப் பேச்சுரிமை கிடையாது. அவரை வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்பின் கையில். டிவி இல்லை, ரேடியோ வர்ணனை இல்லை. ஆகவே, ஒரு சின்ன நகரத்துக்காரருக்கு பேஸ்பால் என்றாலே சொந்த ஊர் டீம்தான். அந்த டீமின் ஸ்டார்தான் அவருக்கு ஸ்டார்.

சரி, அவுட்ஃபீல்டர்? பேஸ்பால் மைதானத்தின் பின்பகுதியில், நம் பவுண்டரி ஃபீல்டர்கள் மாதிரி, மூன்று பேர் நிற்பார்கள். இடது, நடு, வலது. உயரமாகப் பறந்துவரும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். கால் வேகம் வேண்டும், எறிகிற கைக்கு வலு வேண்டும். கிரஹாம் அந்த ரகம். இடது கை பேட்ஸ்மேன், வலது கையால் எறிபவர், நல்ல ஓட்டக்காரர்.

வாத்தியார் வீட்டுப் பையன்

ஆர்ச்சிபால்ட் ரைட் கிரஹாம் 1877-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஃபேயட்வில் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அலெக்ஸாண்டர் கிரஹாம் கல்வித்துறைக்காரர். ஷார்லட் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். படிப்புதான் முதல் சொத்து என்று நினைக்கிற குடும்பம்.

தம்பி ஃபிராங்க் போர்ட்டர் கிரஹாம் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பிறகு அமெரிக்க செனட்டரானார். இந்திய வாசகர்களுக்கு இவரிடம் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1951-ல் காஷ்மீர் பிரச்னையில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சமரசம் பேச ஐ.நா. சபை நியமித்த பிரதிநிதி இந்த ஃபிராங்க் கிரஹாம்தான். டெல்லிக்கும் கராச்சிக்கும் அலைந்து, பாதுகாப்பு கவுன்சிலுக்கு அறிக்கைமேல் அறிக்கை கொடுத்தவர்.

அப்படிப்பட்ட வீட்டில் மூத்தவர் ஆர்ச்சிபால்ட், கையில் பேஸ்பால் மட்டையோடு திரிந்தார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தபோதே அங்கே பேஸ்பால் ஆடினார். அதன்பிறகு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு. அங்கேயும் மட்டையை விடவில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்?

1902-ல் ஷார்லட் டீமில் காசு வாங்கி ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா டீம். அங்கே நியூ இங்கிலாந்து லீக்கில் அவர் பேர் பரவ ஆரம்பித்தது. குளிர்காலத்தில் மருத்துவக் கல்லூரி, கோடையில் பேஸ்பால். ஆண்டு முழுக்க இதே ரொட்டீன்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஊரில் சொல்வார்கள். வெளியில் இருந்து பார்த்தால் இவரையும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸ்பால் சீசன் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். பி கிளாஸ் லீக் சம்பளம் ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்தப் போதாது. காலில் ஒரு அடி பட்டால் வேலை போச்சு. மெடிக்கல் இன்சூரன்ஸ், பென்ஷன் எதுவும் கிடையாது. முப்பது வயதைத் தாண்டினால் அவுட்ஃபீல்டருக்கு கால் வேகம் குறையும். அந்தக் காலத்து மைனர் லீக் வீரர்கள் பலர் சீசன் முடிந்ததும் சுரங்கத்துக்கோ, மில்லுக்கோ, பண்ணைக்கோ வேலைக்குப் போனார்கள். கிரஹாம் வகுப்பறைக்குப் போனார். வித்தியாசம் அவ்வளவுதான்.

‘மூன்லைட்’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது? இரண்டு விளக்கங்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலை பார்ப்பதை ‘மூன்லைட்டிங்’ என்பார்கள். ஐ.டி. கம்பெனிகளில் அடிக்கடி சண்டைக்கு வருகிற அதே வார்த்தைதான். பகலில் டாக்டர் படிப்பு, மிச்ச நேரத்தில் மட்டை என்பதால் அந்தப் பெயர் என்பது ஒரு கட்சி. அவருடைய மின்னல் ஓட்டத்துக்குக் கிடைத்த பெயர் என்பது இன்னொரு கட்சி. நிச்சயமாக நிலவொளியில் ஆடியதால் வந்ததில்லை. மேஜர் லீக்கில் முதல் இரவு மேட்ச் நடந்ததே 1935-ல்தான்.

1905 ஜூன் 29: அந்த ஒரு நாள்

1905-ல் இரண்டும் ஒரே நேரத்தில் கைகூடின. மருத்துவப் பட்டம் கிடைத்தது. கூடவே, நியூயார்க் ஜெயன்ட்ஸ் டீமில் இடமும் கிடைத்தது.

ஜெயன்ட்ஸ் என்றால் அன்றைக்கு சாதாரண டீம் இல்லை. மேனேஜர் ஜான் மெக்ரா. பந்து வீச கிறிஸ்டி மேத்யூசன் என்ற ஜாம்பவான். அந்த சீசனில் 105 வெற்றி, 48 தோல்வி. கடைசியில் உலகத் தொடரையும் 4-1 என்று வென்றார்கள். அதில் மேத்யூசன் ஆடிய மூன்று மேட்ச்சிலும் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. இப்படி ஒரு டீமில், 27 வயதுப் புதுமுகம் ஒருவர் பெஞ்சைத் தாண்டி உள்ளே போவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப்பாருங்கள்.

பேஸ்பாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீரரை எடுத்துவிட்டு மாற்று ஆளை இறக்கினால், எடுக்கப்பட்டவர் அந்த மேட்ச்சில் திரும்ப வர முடியாது. அதனால், மேட்ச் கையில் இருக்கும்வரை மேனேஜர்கள் முக்கிய வீரர்களை மாற்ற மாட்டார்கள். பெஞ்சில் இருப்பவருக்கு வாய்ப்பு வர வேண்டுமென்றால், ஒன்று யாருக்காவது அடிபட வேண்டும். இல்லையென்றால், மேட்ச் ஒருதலைப்பட்சமாகப் போக வேண்டும்.

ஜூன் 29 அன்று இரண்டாவது நடந்தது. புரூக்ளினின் வாஷிங்டன் பார்க் மைதானம். எதிரணி புரூக்ளின் சூபர்பாஸ், அந்த ஆண்டு புள்ளிப் பட்டியலில் கடைசி இடம் பிடித்த டீம். ஜெயன்ட்ஸ் ஏகப்பட்ட ரன் முன்னிலையில் இருந்தது. இறுதி ஸ்கோர் 11-1.

எட்டாவது இன்னிங்ஸின் பின்பாதியில், ரைட் ஃபீல்டில் வழக்கமாக நிற்கும் ஜார்ஜ் பிரவுனுக்கு ஓய்வு கொடுத்து கிரஹாமை அனுப்பினார் மெக்ரா. பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜெயன்ட்ஸ் பேட்டிங். மூன்று அவுட் ஆனால் ஒரு டீமின் முறை முடிந்துவிடும். இரண்டு அவுட் ஆகிவிட்டது. களத்தில் கிளாட் எலியட். அவருக்கு அடுத்து கிரஹாம்.

பேட்டைப் பிடித்துக்கொண்டு, களத்துக்கு வெளியே சில அடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எலியட் அடித்த பந்து மேலே போய் கேட்ச் ஆனது. மூன்றாவது அவுட். பேட்டை வைத்துவிட்டு மறுபடியும் ரைட் ஃபீல்டுக்கு ஓடினார் கிரஹாம். கடைசி அரை இன்னிங்ஸிலும் பந்து வரவில்லை. மேட்ச் முடிந்தது.

அன்றைக்கு அங்கே இருந்த யாரும் இதை ஒரு சோகமாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஜெயித்த மேட்ச்சில், கடைசி நேரத்தில் ஒரு பையனுக்குக் கொஞ்ச நேரம் ஆட வாய்ப்பு. அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு வரும் என்று அவரும்கூட நினைத்திருக்கலாம். வரவில்லை. பெரிய டீம் சாம்பியன்ஷிப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கிரஹாம் மறுபடியும் மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார்.

அதோடு விட்டுவிட்டாரா? இல்லை!

பிரபலமான கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற பகுதி இதுதான்.

மருத்துவப் பட்டம் கையில் இருக்கிறது. மேஜர் லீக் கதவு மூடிவிட்டது. நியாயமாகப் பார்த்தால், மட்டையைப் பரணில் போட்டுவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்திருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் என்ற நிலக்கரி நகரத்துக்குப் போனார். நியூயார்க் ஸ்டேட் லீக்கில் ஆடிய அந்த டீமின் பெயரே ‘மைனர்ஸ்’, அதாவது சுரங்கத் தொழிலாளர்கள். 1908 வரை ஆடினார்.

சும்மா ஒப்புக்கு ஆடவில்லை. 1906-ல் அவருடைய பேட்டிங் சராசரி .336. பேஸ்பாலில் பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை சரியாக அடித்தாலே நல்ல பேட்ஸ்மேன் என்பார்கள். அதாவது .300. அந்தக் கோட்டைத் தாண்டி, லீக்கின் முன்னணி பேட்ஸ்மேன்களில் ஒருவராக அவர் இருந்தார். ஸ்க்ரான்டன் ரசிகர்களுக்கு அவர் ஒரே ஒரு நாள் வந்துபோன பூஜ்யம் கிடையாது. வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் கண்முன்னே ஓடி ஓடிப் பந்து பிடித்த, அடித்து நொறுக்கிய சொந்த ஊர் ஸ்டார்.

மொத்தமாகக் கூட்டிப்பார்த்தால் ஏழு சீசன்கள். மேஜர் லீக் புத்தகத்தில் அவருக்குப் போட்டிருக்கும் பூஜ்யங்கள், அந்த ஏழு ஆண்டுகளில் ஒரே ஒரு மதியத்தின் கணக்கு. கரியரின் மீதிப் பகுதி வேறு புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

1908-ல் அவருக்கு 30 வயது. கால் வேகத்தை நம்பி ஆடுகிற அவுட்ஃபீல்டருக்கு அது இறங்குமுகம். அப்போதுதான் நிறுத்தினார். ஒரு நாள் ஏமாற்றத்தில் எடுத்த முடிவாக இது தெரியவில்லை. ஆட முடிந்தவரை ஆடிவிட்டு விலகியவரின் முடிவு.

எரிந்துபோன ஊருக்கு வந்த டாக்டர்

அடுத்த காட்சி, அங்கிருந்து வெகு தொலைவில். மினசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில் மெசாபி என்ற இரும்புத்தாது மலைத்தொடர். அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்குத் தீனி போட்ட இடம். அங்கே சிஷோம் என்ற சின்ன சுரங்க ஊர். ஃபின்லாந்து, ஸ்லோவீனியா, குரோவேஷியா, இத்தாலி என்று பல நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த ஊர்.

1908 செப்டம்பரில் காட்டுத்தீ பரவி ஊரே எரிந்து சாம்பலானது. மக்கள் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1909-ல், டாக்டர் கிரஹாம் அங்கே வந்து இறங்கினார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்புகிற ஆள் மாதிரி வந்தவர், அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்துவிட்டார்.

1915-ல் அலிசியா மேடன் என்ற பள்ளி ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். அலிசியா, அதே மாநிலத்தின் தெற்கே உள்ள ராச்செஸ்டர் பகுதியைச் சேர்ந்தவர். இந்தத் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி நீல நிறத்தில் உடுத்தினால் கிரஹாமுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதே காலத்தில் சிஷோம் பள்ளிகளின் டாக்டராகவும் ஆனார். 1959 வரை, 40 ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலை. இங்கே ஒரு பின்னணி முக்கியம். சுரங்க கம்பெனிகளிடம் வசூலித்த வரியால் மெசாபி ஊர்களின் பள்ளிகளில் நல்ல பணப்புழக்கம் இருந்தது. தொழிலாளிகளின் வீடுகள் ஏழ்மையில் இருந்தாலும், பள்ளிக்கூடங்கள் கம்பீரமாக எழுந்தன. பிள்ளைகளின் உடல்நலத்தையும் பள்ளியே கவனித்தது. ஆங்கிலம் சரியாகப் பேச வராத பெற்றோருக்கு, பிள்ளை மூலமாகக் கிடைத்த முதல் டாக்டர் கிரஹாமாகத்தான் இருந்திருப்பார்.

அவர் செய்த ஒரு வேலையை ஊர் இன்றுவரை சொல்கிறது. வெளியூர்களில் இருந்து பழைய மூக்குக் கண்ணாடிகளை வரவழைத்துச் சேர்த்துவைப்பார். சனிக்கிழமைகளில் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அவர் அறைக்கு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கண் பரிசோதனை செய்து, குவியலில் இருந்து பொருத்தமான கண்ணாடியை எடுத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பின்பெஞ்சில் முழித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும்!

3,580 குழந்தைகள்: அவருடைய இன்னொரு ஸ்கோர்

சினிமா ரசிகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இந்தக் கிராமத்து டாக்டரின் பெயர் மருத்துவ ஆராய்ச்சியிலும் உண்டு.

1945-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளின் ரத்த அழுத்தம் பற்றியது. முதல் பெயர், ஏ.டபிள்யூ.கிரஹாம். உடன் எழுதியவர்கள் ராச்செஸ்டரின் புகழ்பெற்ற மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எட்கர் ஹைன்ஸ், ஆர்.பி.கேஜ். ஆராயப்பட்ட பிள்ளைகள் 3,580 பேர்.

இதில் என்ன பெரிய விஷயம்? அன்றைக்கு பி.பி. என்பது பெரியவர்களின் வியாதி. குழந்தைக்கு யாரும் வழக்கமாக பி.பி. பார்ப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இருந்தால் சரி, எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று சொல்ல வேண்டுமென்றால், முதலில் ஆரோக்கியமான பிள்ளைகளின் அளவு தெரிய வேண்டும். ஆரோக்கியமான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். அவர்கள் இருக்கிற இடம் பள்ளிக்கூடம். அங்கேதான் கிரஹாம் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார்.

குழந்தைக்கு பி.பி. பார்ப்பது சுலபமும் இல்லை. கை சிறியது, சுற்றுகிற பட்டை பொருந்த வேண்டும். டாக்டரைப் பார்த்ததும் பயந்துவிட்டால் அளவு ஏறிவிடும். அதற்கு, பிள்ளைகள் பயப்படாத டாக்டர் வேண்டும். பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளந்து எழுதிவைக்கிற டாக்டர் வேண்டும்.

அமெரிக்காவில் குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி தேசிய நிபுணர் குழு ஒன்றின் அறிக்கை வந்தது 1977-ல். கிரஹாமின் கட்டுரை அதற்கு 32 ஆண்டுகளுக்கு முந்தையது. இன்று மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஆண்டுக்கொரு முறை பி.பி. பார்க்கச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். அந்த நீண்ட பாதையில், சிஷோம் பள்ளியில் வரிசையில் நின்று கையை நீட்டிய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

எப்படிப் புகழ் வந்தது?

1965 ஆகஸ்ட் 25 அன்று, 87 வயதில் கிரஹாம் காலமானார். அன்றைக்கு அவர் ஒரு ஊரின் டாக்டர். அவ்வளவுதான். சிஷோம் உள்ளூர்ப் பத்திரிகையை நடத்திவந்த வேடா போனிக்வர் அவரைப் பற்றி உருக்கமாக ஒரு அஞ்சலிக் கட்டுரை எழுதினார். ராச்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு வந்தார் டபிள்யூ.பி.கின்செல்லா. கனடா நாட்டு எழுத்தாளர். பேஸ்பால் என்சைக்ளோபீடியா என்ற தடித்த புள்ளிவிவரப் புத்தகத்தில், வரிசையாகப் பூஜ்யங்கள் நிற்கும் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. கூடவே ‘மூன்லைட்’ என்ற விசித்திரமான பெயர். யார் இந்த ஆள் என்று தேடிக்கொண்டு சிஷோமுக்கே போனார். 1982-ல் அவர் வெளியிட்ட ‘ஷூலெஸ் ஜோ’ நாவலில் கிரஹாம் ஒரு கதாபாத்திரமானார்.

அந்த நாவல்தான் 1989-ல் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படமானது. கெவின் காஸ்ட்னர் ஹீரோ. வயதான டாக்டர் கிரஹாமாக பர்ட் லங்காஸ்டர். அந்தப் பெரிய நடிகரின் கடைசித் திரையரங்கப் படம் இதுதான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. இறந்து 24 ஆண்டுகள் கழித்து, கிரஹாம் உலகப் பிரபலம்!

சினிமாவும் நிஜமும்: என்ன வித்தியாசம்?

* படத்தில் அந்த ஒரே மேட்ச் நடப்பது 1922-ல், சீசனின் கடைசி நாளில். நிஜத்தில் 1905 ஜூன் 29, சீசன் பாதியில்.

* படத்தில் அவர் இறந்த ஆண்டு 1972. நிஜத்தில் 1965.

* படத்தில் மேஜர் லீக் வாய்ப்பு போனதும் பேஸ்பாலை விட்டுவிட்டு டாக்டராகிறார். நிஜத்தில் பெரிய மேட்ச் ஆடிய ஆண்டிலேயே டாக்டர் பட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று சீசன் ஆடினார்.

முதல் இரண்டும் கதைக்காகச் செய்த சின்ன மாற்றங்கள். மூன்றாவது மாற்றம் மனிதரையே மாற்றிவிடுகிறது.

சினிமாவின் கிரஹாமுக்கு ஒரு கனவு உடைகிறது. அதன் இடத்தில் இன்னொரு உன்னதம் வந்து உட்கார்கிறது. ஒன்றை இழந்தால்தான் இன்னொன்று என்ற கணக்கு. பார்க்கிறவர்களுக்கு ஆறுதலான கணக்கும்கூட. நிஜமான கிரஹாமின் வாழ்க்கையில் அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ஆட்டமும் மருத்துவமும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. உச்சத்துக்குப் போக முடியாது என்று தெரிந்த பிறகும் அவர் கீழ் லீக்கில் ஆடினார். காரணம் எளிமையானதாகத்தான் இருக்க வேண்டும்: நன்றாக ஆட வந்தது, ஆடப் பிடித்திருந்தது, சம்பளமும் கிடைத்தது.

தோற்றுப்போன ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்வதில் இன்னொரு அநியாயமும் உண்டு. மேஜர் லீக் மட்டும்தான் பேஸ்பால் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்தில் நாடெங்கும் மைனர் லீக்கில் ஆடிய ஆயிரக்கணக்கான பேரும் பூஜ்யங்கள் ஆகிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த இரண்டு இன்னிங்ஸ்கூடக் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடிப்போக ஒரு கின்செல்லாவும் வரவில்லை. ஆனால் நாஷுவாவிலும் ஸ்க்ரான்டனிலும், வார இறுதியில் கட்டை பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிய கூட்டத்துக்கு ஆட்டம் என்றால் அவர்கள்தான்.

கிரஹாமுக்கு தன் மேஜர் லீக் நாளைப் பற்றி வருத்தம் இருந்ததா? படம் அதற்கு ஒரு அழகான பதில் வைத்திருக்கிறது. அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தால் தெரிவது வேறு. எந்த மைதானம் கிடைத்ததோ அதில் ஆடினார். எந்த ஊர் கூப்பிட்டதோ அதில் நின்றார். இரண்டிலும் கால்வாசியில் கிளம்பவில்லை.

இன்று?

2005 ஜூன் 29. அந்த மேட்ச்சின் நூற்றாண்டு நாள். மினசோட்டாவின் மேஜர் லீக் டீமான ட்வின்ஸ், தங்கள் மைதானத்தில் கிரஹாமின் நினைவைக் கொண்டாடியது. மேஜர் லீக்கில் ஒருமுறைகூட பேட் பிடிக்காத ஒருவருக்கு மேஜர் லீக் மைதானத்தில் மரியாதை.

சிஷோமில் அவர் பெயரில் ஒரு கல்வி உதவித்தொகை நிதி இயங்குகிறது. அந்த ஊர்ப் பள்ளியில் படித்து முடித்து மேலே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் உதவி கிடைக்கிறது. அவர் கண்ணாடி மாட்டிவிட்ட, பி.பி. பார்த்துவிட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்கூட அந்த வரிசையில் இருக்கலாம்.

பேஸ்பால் புள்ளிவிவரத் தளங்களில் இப்போதும் அவருடைய வரி அப்படியேதான் இருக்கிறது. மேட்ச் 1. மற்றதெல்லாம் 0. அதே தளங்களில் மைனர் லீக் பதிவுகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. அடுத்த முறை யாருடைய கரியரையாவது ஒரே வரியில் படித்தால், அந்த இன்னொரு பக்கத்தையும் ஒருமுறை கிளிக் செய்து பார்க்கலாம்.